சுட்ட கறிக்கு வாசல் வேண்டும்

மாட்டுக்கறி பற்றி நாம் கொஞ்சமாகவா பேசியிருக்கிறோம்? யார் தின்றார்கள், யார் நிறுத்தினார்கள், யார் தடுக்கிறார்கள் என்று மேடை மேடையாகப் பேசியாயிற்று. சிறு பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. துண்டறிக்கை அடித்து மாட்டுக்கறி விருந்தும் நடத்தியாயிற்று. ஆனால் அந்த விருந்துக்கு விடியற்காலையில் எழுந்து கறி கழுவி, வெங்காயம் உரித்து, அடுப்பு ஊதிய பொம்பளைகளிடம் 'இத எப்படிச் செய்யறீங்க?' என்று கேட்டு எழுதி வைத்தோமா? வாரப் பத்திரிகைகளின் சமையல் இணைப்பில் கத்தரிக்காய்க்கு நாற்பது குறிப்பு வருகிறது. நம்ம கறிக்கு ஒரு குறிப்பும் கிடையாது. அவர்கள் எழுதமாட்டார்கள், சரி. நாமும் எழுதவில்லையே.

நான் இங்கே எழுதப்போவது குழம்பைப் பற்றி அல்ல. சுட்ட கறியைப் பற்றி. மசாலாவில் ஊறவைத்து, தணலில் சுட்டு, சூட்டோடு தின்கிற கறி. குழம்புக்கும் இதற்கும் ருசியில் மட்டுமல்ல வித்தியாசம். குழம்பை மூடி வைத்துச் சமைத்துவிடலாம். சுடுவதை மறைத்துச் செய்ய முடியாது. கொழுப்பு உருகித் தணலில் சொட்டும். புகை எழும். வாசனை தெருக்கோடி வரை போகும். சுட்ட கறிக்குத் திறந்த வாசல் வேண்டும். அந்த வாசல் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதுதான் நான் சொல்லவந்த சங்கதி.

எங்களுக்கு வட ஆற்காட்டில் பேரணாம்பட்டுப் பக்கம். ஊர் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஊர் தனி, எங்கள் சேரி தனி. நைனா டேனரியில் கூலி. அம்மா களை எடுக்கப் போவாங்க. வீட்டில் சமையல் ஆயாவின் கையில் இருந்தது. 1970களில் மாதத்துக்கு ஒரு தரம், ரெண்டு தரம், ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து காசு போட்டுச் சந்தையில் ஒரு கிழட்டு எருதை வாங்குவார்கள். வெட்டிக் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் தொடைக்கறி கொஞ்சம், நெஞ்செலும்பு கொஞ்சம், ஈரல், குடல், கொழுப்பு என்று எல்லாம் இருக்கும். கூறு போட்டவர் கடைசியாக மிஞ்சுகிற கூறைத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது கட்டுப்பாடு. அதனால் எந்தக் கூறிலும் எடை குறையாது. ஊர்க்காரர்கள் எங்களுக்குக் கூலி அளந்த படியில் அந்த நியாயம் இருந்ததில்லை.

எலும்பும் குடலும் குழம்புக்குப் போகும். தொடைக்கறியில் நல்ல துண்டாகப் பார்த்து ஆயா தனியே எடுத்து வைப்பாங்க. உள்ளங்கை அகலம், விரல் தடிமன். கறியில் நரம்பு ஓடுகிற திசை பார்த்து, அதற்குக் குறுக்கே அறுப்பாங்க. 'நேரா அறுத்தியானா வாயில கயிறாட்டம் நிக்கும்டி' என்பாங்க. அம்மியில் வைத்துக் குழவியால் நாலு தட்டு. பிறகு கல்லுப்பு, காய்ந்த மிளகாய், பூண்டு, மிளகு எல்லாம் அரைத்து, அதோடு வேலியோரம் நிற்கிற பப்பாளி மரத்திலிருந்து ஒரு பிஞ்சுக் காயைப் பறித்து, பால் வடிய வடியத் தோலோடு தேய்த்துப் போட்டுப் பிசறி, சட்டியில் மூடி வைப்பாங்க. மத்தியானம் ஊறவைத்தது, விளக்கு வைக்கும் நேரத்தில் அடுப்புக்குப் போகும்.

அடுப்பு என்றால் வாசலில் மூன்று கல். வேலிக்காத்தான் விறகு. நாங்கள் பசியில் சுற்றிச் சுற்றி வருவோம். ஆயா அசையமாட்டாங்க. 'சோதி எரியும்போது வெச்சா மேல கருகிடும், உள்ள பச்சையா கீதும். நெருப்பு தணலாவட்டும், கம்முனு குந்துங்க.' தணலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டுவாங்க. நாலு எண்ணுவதற்குள் கையை இழுக்கத் தோன்றினால் சூடு சரி. பழைய சைக்கிள் கம்பிகளைக் கல் மேல் அடுக்கி, அதன் மேல் கறியைப் பரப்புவாங்க. எடுத்ததும் தின்னவிட மாட்டாங்க. பூவரச இலையில் போட்டு, மேலே இன்னொரு இலையை மூடி, கொஞ்ச நேரம் அப்படியே விடுவாங்க. பிறகுதான் பங்கு.

பிற்பாடு படித்தபோதுதான் ஆயா செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது புரிந்தது. பப்பாளிப் பாலில் பப்பைன் என்ற நொதி இருக்கிறது. அது இறைச்சியின் புரதத்தை அறுத்து மெதுவாக்கும். உப்பு முதலில் கறியிலிருந்து நீரை வெளியே இழுக்கும், நேரம் போகப் போக அந்த உப்புநீரைக் கறியே திரும்பக் குடிக்கும். கறியின் மேல்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும்போதுதான் அந்தப் பழுப்பு நிறமும் சுட்ட வாசனையும் பிறக்கும். தண்ணீரில் வேகிற கறி 100 டிகிரிக்கு மேல் போகாது, அதனால்தான் குழம்புக்கறிக்கு அந்த மணம் இல்லை. சுட்டதும் கொஞ்சம் ஆறவிட்டால் அறுக்கும்போது சாறு ஓடாது. கைநாட்டு வைத்த எங்க ஆயாவிடம் இத்தனை விஞ்ஞானம் இருந்தது. அதை யாரும் விஞ்ஞானம் என்று சொல்லவில்லை. 'சக்கிலி பறையன் தீனி' என்றார்கள்.

பப்பாளி எதற்குத் தேவைப்பட்டது என்பதையும் யோசிக்கவேண்டும். வெளிநாட்டில் ஸ்டேக்குக்கு என்றே இளம் மாட்டைக் கொழுக்க வளர்க்கிறார்கள். அந்தக் கறிக்கு உப்பும் மிளகும் போதும். நமக்கு வந்து சேர்ந்தது ஏர் இழுத்து, வண்டி இழுத்து, செக்கு சுற்றி ஓய்ந்த மாடு. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1958ஆம் வருடத்துத் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 10 வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்றோ, அல்லது காயத்தாலும் தீராத நோயாலும் நிரந்தரமாக முடங்கிவிட்டது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் வெட்டலாம். வயதாக வயதாக, உழைக்க உழைக்க, தசையைக் கட்டிப்பிடிக்கிற நார் இறுகிப்போகும். ஊர்க்காரன் நிலத்தில் அந்த மாடும் உழைத்தது, அதை ஓட்டிய நாமும் உழைத்தோம். உழைத்து இறுகிய கறியைப் பல்லுக்குப் பதமாக்குகிற வித்தையை நம் கிழவிகள் கண்டுபிடித்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும். வரவேண்டியதும்தான். அம்பேத்கர் கறியை விடச் சொன்னாரே, நீங்கள் அதைக் கொண்டாடுகிறீர்களே என்று படித்த நம் பிள்ளைகளே கேட்கிறார்கள். 1927இல் மகாடு மாநாட்டில் பாபாசாகேப் விடச் சொன்னது செத்த மாட்டின் கறியை. ஊரில் மாடு செத்தால் நாம்தான் இழுத்துப் போகவேண்டும், கூலியாக அந்தப் பிணத்தையே எடுத்துக்கொள்ளவேண்டும் என்றிருந்த அடிமை முறையை உடைக்கத்தான் அப்படிச் சொன்னார். அவரே 1948இல் எழுதிய 'தீண்டப்படாதவர்கள் யார்?' என்ற நூலில், பார்ப்பனர்கள் ஒரு காலத்தில் மாட்டுக்கறி தின்றவர்கள் என்பதையும், பவுத்தத்தோடு நடந்த போட்டியில்தான் அதை விட்டார்கள் என்பதையும், விடாதவர்கள் மேல் தீண்டாமை சுமத்தப்பட்டது என்பதையும் வாதிட்டுக் காட்டினார். எங்க நைனா இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டவர் இல்லை. சங்கத்து ஆள். ஊரில் மாடு செத்தபோது, 'இனிமே இழுக்க வரமாட்டோம், நீங்களே இழுத்துப் போட்டுக்குங்க' என்று சொல்லி, அதற்காக மூன்று மாதம் சேரிக்கே வேலை இல்லாமல் போனது. அந்த மூன்று மாதமும் செத்ததைத் தொடவில்லை. காசு கொடுத்து வாங்கிய கறியை வாசலில் உட்கார்ந்து தின்றார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் வாத்தியாரம்மா ஆனேன். வேலூரிலும் பிறகு சென்னையிலும் 19 வருடத்தில் 7 வீடு மாறினோம். வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி, 'நீங்க நான்வெஜ்ஜா?' ஆமாம் என்றால் அடுத்த கேள்வி வராது, ஆனால் கண் கேட்கும். சில இடத்தில் நேராகவே கேட்டார்கள். 'ஆடு, கோழின்னா பரவாயில்ல. மத்தது கித்தது எதுவும் கூடாது.' மத்தது என்றால் எது என்று இரண்டு பேருக்கும் தெரியும். சாதியை வைத்துத் தீண்டாமை காட்டக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. கறியைக் கேட்டுச் சாதியைத் தெரிந்துகொள்ள எந்தத் தடையும் இல்லை.

அந்த 19 வருடமும் எங்கள் வீட்டில் மாட்டுக்கறி குக்கருக்குள்தான் வெந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் வீட்டுக்காரர் போய், கறுப்பு கவரை இன்னொரு துணிப்பைக்குள் போட்டுக் கொண்டுவருவார். ஜன்னலைச் சாத்துவோம். வாசலில் சாம்பிராணி போடுவேன். பட்டை, கிராம்பு, சோம்பு என்று மசாலாவை அள்ளிப் போட்டுக் கறியின் சொந்த வாசனையை அமுக்குவேன். இத்தனை செய்தும் ஒரு வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நின்று மூக்கைச் சுளித்து, 'டீச்சர், என்ன இது, நம்ம வீட்டு வாசனை மாதிரி இல்லையே' என்றார். மாசக் கடைசியில், மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம், வீடு வேண்டும் என்று காலி செய்யச் சொன்னார். நாங்கள் போன மறுவாரமே அங்கே வேறு குடித்தனம் வந்துவிட்டது.

இதில் பறிபோனது ஒரு வீடு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு சமையலே பறிபோனது. என் பிள்ளைகளுக்கு மாட்டுக்கறி என்றால் குக்கரில் ஆறு விசில் விட்ட குழம்புதான். கறி சுடுவதை அவர்கள் பார்த்ததில்லை. ஊரில் ஆயா மிஞ்சிய கறியை உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, வாசலில் கொடி கட்டிக் காயப்போடுவாங்க. மழைக்காலத்தில் அந்த உப்புக்கண்டத்தில் இரண்டு துண்டைத் தணலில் சுட்டால் ஒரு பானைக் கூழ் இறங்கும். வாடகை வீட்டில் எங்கே போய் உப்புக்கண்டம் காயப்போடுவது? மொட்டை மாடியில் வீட்டுக்காரம்மாவின் வடாமுக்குப் பக்கத்திலா? தடை உத்தரவு போடாமலே, ஒரு வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை எழுதாமலே, இரண்டு தலைமுறைக்குள் நம் கை மறந்துவிடுகிறது.

என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அலுவலகத்தில் யாரோ விருந்து கொடுத்தார்கள் என்று ஒரு பெரிய ஓட்டலுக்குப் போய், ஸ்டேக் என்று ஒன்றைத் தின்றுவிட்டு இரவு போன் செய்தாள். 'மா, மாட்டுக்கறிய பெரிய துண்டா ஊறவெச்சு சுட்டுத் தராங்க. கத்தி, முள்ளு வெச்சு அறுத்துத் தின்னணும். ஆயிரத்துச் சொச்சம் ரூபா. நீ சொல்லுவியே, உங்க ஆயா கம்பி மேல சுட்டது, அதாம்மா இது.' எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவளோடு உட்கார்ந்து தின்றவர்களில் சாதி இந்துப் பிள்ளைகள் நாலைந்து பேராம். அவர்களுக்கு அங்கே தீட்டு இல்லை. இங்கேயும் ரோட்டோரக் கடையில் சில்லி பீஃப் தின்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. தின்றுவிட்டு வாயில் பாக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். வெளியில் தின்றால் அது ருசி. வீட்டில் சமைத்தால் அது சாதி. அவர்கள் வீட்டு அடுப்பில் அந்தக் கறி ஏறாதவரைக்கும் அவர்கள் சாதிக்கு ஒன்றும் ஆகாது.

தோலின் கதையும் இதுதான். எங்க நைனா ஊறப்போட்டுச் சுரண்டிய தோல் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் செருப்பாகவும் கைப்பையாகவும் மாறிக் கப்பலேறியது. அது அந்நியச் செலாவணி, நாட்டுக்குப் பெருமை. எருமைக்கறி ஏற்றுமதியிலும் இந்தியா உலகத்தின் முன்வரிசையில் நிற்கிற நாடு. அதே விலங்கின் கறி நம் சட்டியில் இருந்தால் மட்டும் இழிவு. எங்கள் பக்கத்து ஆம்பூரிலேயே 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆடு உண்டு, கோழி உண்டு, மாடு கிடையாது. ஆம்பூரில் பீஃப் பிரியாணி விற்கிற கடைகளை அந்த அதிகாரிகள் தாண்டாமலா அலுவலகத்துக்குப் போயிருப்பார்கள்? எதிர்ப்பு கிளம்பியது. மழை வரும் என்று காரணம் சொல்லித் திருவிழாவைத் தள்ளிவைத்தார்கள். விலக்கியது குறித்து விளக்கம் கேட்டு மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

தமிழர் பெருமை பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். பொருநராற்றுப்படையில் கரிகாலன் பசித்து வந்த கலைஞர்களுக்குக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி கொடுக்கிறான். சூடு தாங்காமல் அவர்கள் அதை வாயில் இப்படியும் அப்படியும் மாற்றி மாற்றித் தின்கிறார்கள். இதை வகுப்பில் நான் பாடம் நடத்தியிருக்கிறேன். அது ஆட்டுக்கறி என்பதால் யாரும் முகம் சுளித்ததில்லை. அகநானூற்றின் 309ஆம் பாட்டில் மழவர்கள் கொழுத்த பசுவை வேம்பின் அடியில் பலி கொடுத்து, கறியை வேகவைத்துத் தின்கிறார்கள். அதை நடத்தப் போனபோது சக ஆசிரியர் ஒருவர், 'இது தேர்வுக்கு வராதுங்க, விட்டுடுங்க' என்றார். நான் விடவில்லை. பின் பெஞ்சில் இருந்த நம் பிள்ளைகள் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

2017 மே மாதம் மத்திய அரசு கால்நடைச் சந்தைகளில் மாட்டை வெட்டுவதற்காக விற்கக்கூடாது என்று விதி கொண்டுவந்தபோது நான் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தேன். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மே 30ஆம் தேதி அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. நீதிமன்றம் சந்தையைத் திறந்துவிடலாம். குடியிருக்கிற வீட்டின் ஜன்னலை எந்த நீதிமன்றம் திறக்கும்? அதை நாம்தான் திறக்கவேண்டும் என்று அப்போது தோன்றியது.

இப்போது புறநகரில் சின்னதாகச் சொந்த வீடு. கடனில் கட்டியது. மேலே மொட்டை மாடி. அங்கேதான் சுடுகிறேன். செய்முறையை எழுதிவிடுகிறேன், வேண்டியவர்கள் செய்து பாருங்கள்.

கடையில் 'அண்டர்கட்' என்று கேட்டு வாங்கினால் மெத்தென்று இருக்கும். அது முதுகெலும்பை ஒட்டி உள்பக்கம் இருக்கிற, மாடு அதிகம் உழைக்காத சதை. அதற்குப் பப்பாளி வேண்டாம். தொடைக்கறி விலை குறைவு, ருசி கூடுதல், ஆனால் ஊறவேண்டும். 1 கிலோ தொடைக்கறியை நரம்புக்குக் குறுக்கே ஒரு அங்குலத் தடிமனில் அறுத்துத் துணியால் ஈரம் ஒற்றவேண்டும். 2 தேக்கரண்டி உப்பு, 2 தேக்கரண்டி பொடித்த மிளகு, 1 தேக்கரண்டி சீரகப் பொடி, 10 பல் பூண்டும் சின்னத் துண்டு இஞ்சியும் அரைத்த விழுது, 1 மேசைக்கரண்டி பப்பாளிக்காய்த் துருவல், கொஞ்சம் நல்லெண்ணெய். நன்றாகத் தேய்த்து 3 மணி நேரம் மூடி வைக்கவேண்டும், குளிர்பெட்டி இருந்தால் அதில். பப்பாளி போட்டதை ராத்திரி முழுக்க விட்டால் மேல்சதை கூழாகிவிடும். குமுட்டி அடுப்பில் கரி போட்டு, சாம்பல் பூத்த பிறகு கம்பி வலையை வைத்து, பக்கத்துக்கு 4, 5 நிமிடம். என் மகள் மின்சார அடுப்பில் மேல் கம்பியை மட்டும் முழுச் சூட்டில் வைத்து, அதற்கு நாலு விரல் கீழே தட்டை வைத்துச் சுடுகிறாள். அனல் மேலிருந்து வருகிறது, மற்றபடி ஆயாவின் வேலைதான். இறக்கி ஐந்து நிமிடம் மூடி வைக்கவேண்டும்.

ஸ்டேக் தின்கிறவர்கள் நடுவில் சிவப்பாக விடுவார்கள். வடிகிற சிவப்பு ரத்தம் இல்லை, தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதம். கறியின் நடுப்பாகம் 63 டிகிரி வந்து, இறக்கி மூன்று நிமிடமாவது விட்டால் முழுத்துண்டுக் கறி பாதுகாப்பானது என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. நமக்கு நன்றாக வெந்தால்தான் பிடிக்கும். அதுவும் சரிதான். யாருக்கும் நிரூபிக்கவேண்டியதில்லை.

முதல் தரம் மாடியில் கரி மூட்டியபோது பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பழகிய பயம். 'ஏம்மா, கீழ குக்கர்ல வெச்சுக்கலாமா?' என்றார். வேண்டாம் என்றேன். மறுவாரம் அந்த வீட்டு அம்மா குப்பை போட வந்த இடத்தில், 'மாடியில என்ன செய்யறீங்க, ஒரே புகையா இருக்கே?' என்று கேட்டார். மாட்டுக்கறி சுடறோம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்களோடு பேச்சு இல்லை. அதற்காக ஞாயிற்றுக்கிழமையும் நிற்கவில்லை. தெருக்கோடியில் புதிதாகக் குடிவந்திருக்கிற ஒரு பையன், நம்ம பையன்தான், புகையைப் பார்த்து மேலே ஏறிவந்து, 'அக்கா, எங்க வீட்ல பாட்டி செய்வாங்க, எப்படின்னு தெரியாமப் போச்சு' என்றான். கூடவே உட்கார்ந்து விசிறினான். அவன் இருக்கிறது வாடகை வீடு.

அந்தப் பையனைப் போல எத்தனை பேர். மதுரைப் பக்கம் எப்படிச் சுட்டார்கள், தஞ்சாவூர்ப் பக்கம் என்ன தடவினார்கள், கோலார் சுரங்கத்துக்குப் போன நம் சனங்கள் லயத்து வீட்டில் எப்படிச் செய்தார்கள் என்பதெல்லாம் உங்கள் வீட்டுக் கிழவிகளுக்குத்தான் தெரியும். இருக்கிறவர்களிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். உப்பு எத்தனை, நேரம் எத்தனை, எந்த விறகு, எந்த இலை என்று கேட்டு எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள்.